பத்து நாளுக்கு ஒரு எலி

“ஒரே பைக்குள்ள கட்டி, அதே பைக்குள்ள மருந்து. கேக்காம என்னங்க பண்ணும்? இதை நான் மூணு மாசமா—”

“மூணு மாசமா நீங்க சொல்றீங்க. இருபத்தேழு வருசமா நான் செஞ்சுட்டு இருக்கறனுங்க—”

“செய்யலைன்னு யாருங்க சொன்னா? அந்த எலிக்குப் புற்று இருக்கறதும் வயித்துல. நீங்க ஊசி குத்தறதும் வயித்துல. டம்ளர்ல ஊத்திக் கலக்கற மாதிரிதானே அது?”

“நான் பேசி முடிச்சுக்கறனே, கிருபா.”

“மனுசனுக்கு நுரையீரல்ல கட்டி வந்தா நுரையீரல்லயே கொண்டு போயா ஊசி போடுவாங்க?”

“பேசி முடிச்சுக்கறேன்னு சொன்னேன்!”

தெய்வாத்தாளின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் விரல்களை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள்.

அவிநாசி ரோட்டில் நீலாம்பூர் தாண்டி, பழைய மில் கிடங்கு ஒன்றை இடித்துக் கட்டிய தனியார் ஆய்வுக்கூடம் அது. புற்றுநோய்க்கு மருந்தாகுமா என்று தெரியாத சரக்குகளை வெளியூர்க் கம்பெனிகள் சின்னச் சின்னக் குப்பிகளில் அனுப்புவார்கள். எலிக்குப் புற்றை வைத்து, அதற்கு அந்தச் சரக்கைக் கொடுத்து, கேட்டதா கேட்கவில்லையா என்று எழுதிக் கொடுப்பது இங்குள்ளவர்களின் பிழைப்பு. ஆனால் அதற்கு முன்னால் எந்த எலி, எந்தப் புற்று என்று முடிவு செய்தாக வேண்டும். தப்பான எலியைப் பிடித்தால் தண்ணீர்கூட மருந்து மாதிரி தெரியும். நல்ல மருந்து குப்பைக்குப் போகும். இப்போது வந்திருந்த சரக்கு கே-பதினேழு. மனிதனின் நுரையீரல் புற்றுக்கு ஆகுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

கிருபாசங்கருக்கு நாற்பது வயது. ஆய்வுக்கூடத்தின் தலைவர். மொட்டை எலிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். உடம்பில் மயிர் முளைக்காத, எதிர்ப்புச் சக்தியும் இல்லாத வகை அது. மனிதனின் கட்டியை அதன் தோலுக்கடியில் வைத்தால் தள்ளிவிடாமல் வளரவிடும். தெய்வாத்தாளுக்கு ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது நடக்கிறது. வருகிற மே முப்பத்தொன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியவள். அவள் தன் எலிதான் என்றாள்.

அவளுடைய எலி என்றால், அவளுடைய புற்று. எல்லோரும் அதைத் ‘தெய்வா லைன்’ என்றே சொல்வார்கள். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அவளுடைய பேராசிரியர் மடியில் கூண்டை வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இரண்டு எலிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த எலிகள் அந்த மாதமே செத்துப் போயின. அவற்றின் புற்று இன்னும் சாகவில்லை. எலியின் வயிற்றில் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்து ஊறிக்கொண்டே இருக்கும். பத்தாம் நாள் அதில் சொட்டு எடுத்து ஆரோக்கியமான அடுத்த எலிக்கு ஏற்ற வேண்டும். விட்டால் எலியோடு புற்றும் போய்விடும். அப்படித் தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவை ஏற்றிவிட்டாள். ஊசியை வேறொரு கையில் கொடுத்ததில்லை. நைட்ரஜன் கேனில் உறையவைத்துக்கொள்ளலாம்தான். ஒரு பொங்கல் லீவில் கேன் வறண்டு குப்பிகள் அத்தனையும் பாழாய்ப் போனதிலிருந்து அவளுக்குக் கேன்மீது நம்பிக்கை விட்டுப் போயிற்று. ஆட்கள்மீதும்தான். பத்து நாளுக்கு மேல் கோயமுத்தூரை விட்டு அவள் எங்கும் தங்கியதில்லை.

“சரிங்க கிருபா. வயித்துல குத்தல. வாய் வழியாக் குடுக்கறேன். மனுசன் மாத்திரை முழுங்கற மாதிரி. அப்பவும் கேட்டுச்சுன்னா?”

கிருபாசங்கர் நாற்காலியில் சாய்ந்தார்.

“கேட்டுச்சுன்னா உங்க லைன்லயே ரிப்போர்ட் எழுதறனுங்க. நீங்க போனதுக்கப்பறமும் லைனை நிறுத்த மாட்டேன். வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“கேக்கலைன்னா?”

“மொட்டை எலிதானுங்க. உங்க லைனுக்கு அதோட கும்பிடு.” அவர் எழுந்துகொண்டே சொன்னார்: “கோவிச்சுக்காதீங்க மேடம். இத்தன வருசத்துல ஒருத்தருக்காச்சும் அந்த ஊசியப் பிடிக்கக் கத்துக் குடுத்திருக்கீங்களா? நான் நிறுத்தாட்டியும் ஜூன் ஒண்ணாந் தேதி யாருங்க ஏத்துவா?”

அவள் கே-பதினேழு குப்பியை எடுத்துக்கொண்டு எலிக்கூடத்துக்குப் போனாள்.

முப்பத்தாறு எலிகளுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்தது. முப்பதுக்குப் புற்றை ஏற்றினாள். பதினைந்துக்கு மருந்து, பதினைந்துக்கு வெறும் கரைசல். ஆறு எலிகள் மிச்சம். தினமும் காலையில் மழுங்கிய வளைந்த ஊசியால் ஒவ்வொன்றின் தொண்டைக்குள்ளும் சொட்டு இறக்கினாள். பன்னிரண்டாம் நாளே மருந்தில்லாத எலிகளின் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியது. தாங்கமுடியாத அளவு வீங்கியதை நோகாமல் உறங்கவைத்துவிட்டு அந்த நாளைக் குறித்துக்கொள்வது வழக்கம். பத்தொன்பதாம் நாளுக்குள் அந்தக் கூண்டுகளில் பாதி காலி.

மருந்துக் கூண்டுகளில் வயிறு ஒட்டியே கிடந்தது. இருபது கழிந்தது, இருபத்தைந்து கழிந்தது. முப்பத்தொன்றாம் நாளும் எட்டு எலிகள் நடமாடிக்கொண்டிருந்தன. மாடியில் இருந்த கெமிஸ்ட்ரிக்காரர்களெல்லாம் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கிருபாசங்கர் கூண்டை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தோத்துட்டனுங்க மேடம்.”

“ஏனுங்க, ஒரே டம்ளர்ல கலக்கிப்போட்டனா?”

“வெந்த புண்ணுல உப்பைப் போடாதீங்க. நாளைக்கே எழுதித் தந்தர்றேன். லைன் நிக்காது.”

அன்றைக்குச் சிங்காநல்லூரில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கையில் கடைவீதி முழுவதும் அவளுக்குத் தெரிந்த முகமாக இருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. பூட்டைத் திறந்தாள். காலையில் குடித்துவிட்டு வைத்த காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சேலைகூட மாற்றாமல் கொடுமுடியில் இருக்கும் அக்கா பூவாத்தாளுக்குப் போன் போட்டாள். போட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“ஆரு?”

“நாந்தான்க்கா.”

“ம்.”

“அக்கா, என்ற லைன் ஜெயிச்சுப்போட்டுதுக்கா. நிறுத்தறோம்னு சொன்னாங்க பாரு, இனி நிறுத்த மாட்டாங்க. மருந்து குடுத்த எலியெல்லாம்—”

“பொழச்சுக்கிச்சா?”

“பொழைக்கல... பன்னண்டு நாள் எச்சா உசுரோட இருந்துதுக்கா.”

“எச்சா இருந்துதா? சந்தோசம் கண்ணு. எலிக்காச்சும் உன்னால எச்சா நாள் கெடச்சுதே.”

பூவாத்தாள் போனை வைத்துவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவின் கணவர் மாரடைப்பில் போனபோது தெய்வாத்தாள் ஓடிப் போய் அக்காவைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். அக்கா அவள் மடியை விட்டு எழவில்லை. சொன்னால் சாப்பிட்டாள், சொன்னால் குளித்தாள். எட்டாம் நாள் விடியலில் தெய்வாத்தாள் பையை எடுத்தபோதுதான் பூவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். “பதினாறாம் நாள் காரியம் இருக்குது புள்ள.” “ரண்டு நாள்ல எலி மாத்தோணும்க்கா. மாத்திப்போட்டு வந்தர்றேன்.” “விருந்துக்கு வர்ற ஒறம்பரையாட்டம் வந்துட்டு ஒறம்பரையாட்டமே போற. போ. எலிக்கு நாள் பார்த்துக்க.” காரியத்துக்கு அவள் போனாள், காலையில் போய்ப் பொழுதோடு திரும்பினாள். அன்றைக்கு அக்கா கேட்டது ஒரே கேள்வி. “இந்தத் தடவ எத்தன நாளு?” அதன்பிறகு எப்போது போனாலும் வாசலில் வைத்தே அந்தக் கேள்வி வரும். தெய்வாத்தாள் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் எலிக்கூடத்துக்குள் நுழையும்போது தங்கராஜ் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். கூண்டு சுத்தம் செய்வதும் தீனி வைப்பதும் அவர் பொறுப்பு. பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணையில் பதினாறு வருடம் இருந்தவர். பண்ணையை மூடியபிறகு இங்கே வந்து சேர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“மேடம், ஒண்ணு சொல்லோணுமுங்க. தப்பா நெனச்சுக்கப்படாது.”

“சொல்லுங்க.”

“எல்லாரும் சந்தோசமா இருக்கறீங்க. கெடுக்கறான்னு நெனைக்கப்படாதுங்க.”

“அட, சொல்லுங்க தங்கராஜ்.”

“உங்க மருந்து எலிக தீனி எடுக்கலீங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தை காகிதத்தை எடுத்தார். தினமும் கிழிக்கும் தேதிக் காலண்டரின் தாள்கள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் கூண்டு எண்ணும் எடையும் பென்சிலில் இருந்தன. முப்பத்தொரு தாள்கள்.

“மருந்தில்லாத எலி ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம் திங்குதுங்க. மருந்து எலி அஞ்சாம் நாள்ல இருந்து ரண்டு கிராமுக்கு மேல தொடலீங்க. மிச்சத்தைக் காலைல நிறுத்துப் பார்த்தேன்.”

“இதை யாரு உங்களைக் குறிக்கச் சொன்னது?”

“ஆரும் சொல்லலீங்க. கை சும்மா இருக்க மாட்டீங்குது. பண்ணையில கோழி எடை ஏறலைன்னா எடுத்தவுடனே சீக்குன்னு சொல்லிப்போட மாட்டமுங்க. தீவனம் எத்தன மிஞ்சுதுன்னுதான் மொதல்ல பாப்போம். மிஞ்சுச்சுன்னா எங்க சூப்பர்வைசர் உசுரை எடுத்துப்போடுவாருங்க.”

தெய்வாத்தாள் தாள்களைப் புரட்டினாள். அரைவயிற்றுக்குச் சாப்பிடும் உடம்பில் புற்றும் அரைவயிற்றுக்குத்தான் வளரும். மருந்து புற்றைத் தொடவே வேண்டியதில்லை; எலியின் பசியைக் கெடுத்தால் போதும். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எலியின் எடையை நாள் தவறாமல் எழுதிய அவள் தீனியின் எடையை ஒரு நாளும் எழுதவில்லை. இருபத்தேழு வருடமாக எழுதவில்லை.

“கிருபா சார்கிட்டச் சொன்னீங்களா?”

“உங்க எலிங்க. உங்ககிட்டச் சொல்லாம அவருகிட்டப் போயிச் சொல்லுவனுங்களா?”

தாள்கள் மூன்று நாள் அவள் கைப்பையில் கிடந்தன. பஸ் டிக்கெட் எடுக்கும்போதெல்லாம் விரலில் பட்டன. கிருபாசங்கர் எழுதிக் கொடுத்த காகிதமும் பக்கத்திலேயே இருந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. தங்கராஜ் இரண்டாம் தடவை பேசமாட்டார். ரிப்போர்ட் போகும், லைன் தொடரும், அவள் பெயர் அதன்மேல் இருக்கும். பிள்ளைக்கு வைக்கிற பெயர் எலிக்கு வைத்தாயிற்று என்று அக்கா ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது.

நான்காம் நாள் அந்த மிச்ச ஆறு எலிகளை எடுத்தாள். ஆறுக்கும் புற்றை ஏற்றினாள். மருந்து கிடையாது. தீனி மட்டும், தங்கராஜின் தாளில் இருந்தபடி, எலிக்கு இரண்டு கிராம். பத்தொன்பதாம் நாளில் இவையும் வீங்கிப்போனால் தீனிக்கும் புற்றுக்கும் சம்பந்தமில்லை. மருந்துதான் வேலை செய்தது என்றாகிவிடும். வீங்காவிட்டால் எல்லாம் பசியின் வேலை.

“இது என்னுங்க மேடம், புதுசா?” என்று கிருபாசங்கர் கேட்டார்.

“சும்மா ஒரு சந்தேகமுங்க. தீரட்டும்.”

“ரிப்போர்ட்டை அனுப்பிப்போடட்டுமுங்களா?”

“சித்தப் பொறுங்க.”

எத்தனையோ எலிகளுக்கு எத்தனையோ காலம் நாள் பார்த்தவள். இந்த ஆறும் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டதுதான் புதிது. பத்தாம் நாள் அந்தக் கூண்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பதினைந்தாம் நாளும் உட்கார்ந்தாள். ஆறும் சுறுசுறுப்பாக மூலையை மோந்துகொண்டிருந்தன. வயிறு ஒட்டிக் கிடந்தது.

“வீங்குங்க சாமி,” என்றாள் ஒரு நாள், பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்து. “உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். ஒண்ணாச்சும் வீங்கு.”

பின்னால் தங்கராஜ் வாளியோடு நின்றிருந்தார். வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்.

பத்தொன்பது கழிந்தது. இருபத்துநாலாம் நாள் ஒன்று போனது, இருபத்தேழாம் நாள் இன்னொன்று. இருபத்தொன்பதாம் நாளும் நாலு எலிகள் மிச்சம் இருந்தன. அன்றைக்கு மே மாதம் பதினெட்டு.

தாள்களையும், கிருபாசங்கர் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். இரண்டையும் மேசையில் வைத்தாள். அவர் முதலில் காலண்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து கதவைச் சாத்தினார்.

“இது எப்பங்க மேடம் உங்களுக்குத் தெரியும்?”

“நீங்க தோத்துட்டேன்னு சொன்னீங்களே, அதுக்கு மக்காநாள்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“தங்கராஜுக்கு.”

“சொல்லாம இருந்திருக்கலாமே.”

“இருந்திருக்கலாமுங்க.”

அவர் வெகுநேரம் அந்தத் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

“மொட்டை எலியில இந்தச் சரக்கு ஒருவேளை கேட்டாலும் கேக்குமுங்க. பசி வேற, மருந்து வேறன்னு அங்க பிரிஞ்சுரும்.”

“பிரியாது. தீனியைப் பக்கத்துல வெச்சு நிறுத்தாத்தான் பிரியும். அங்கயும் ஒரு கூண்டுக்கு மருந்தில்லாம அரைத்தீனி போடுங்க. தங்கராஜையே நிறுக்கச் சொல்லுங்க. அவரு பேரையும் ரிப்போர்ட்டுல போடோணும்.”

“போடறனுங்க.”

“எங்க கையெழுத்துப் போடோணும்?”

எந்த எலி, எந்தப் புற்று என்று எழுதும் படிவத்தை அவர் நீட்டினார். ‘தெய்வா லைன்’ என்ற வரியை அடித்துவிட்டு மொட்டை எலியின் வரிக்கு நேராகத் தன் பெயரை எழுதினாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

“லைனை நாலு குப்பி கேன்ல போட்டு வெக்கறனுங்க மேடம். நானே நைட்ரஜன் மட்டம் பாத்துக்கறேன். வாராவாரம்.”

“வெச்சுக்குங்க கிருபா. நான் வந்து பார்க்க மாட்டேன்.”

“வந்து பாருங்களேன். ஆரு வேண்டாம்னா?”

“நான்தான் வேண்டாங்கறேன்.”

அவள் எழுந்தபோது அவரும் எழுந்தார். வாசல்வரை வந்தார். “பார்த்துப் போங்க மேடம்” என்றார்.

அடுத்த மாற்றும் நாள் இருபத்திரண்டாம் தேதி வந்தது. கேனுக்குப் போகவேண்டிய குப்பிகளைக் காலையிலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டாள். பழக்கத்தில் திரும்பி மேசைக்கு வந்தால் அங்கே ஊசியும் பஞ்சும் ஆரோக்கியமான நாலு எலிகளும் எடுத்துவைக்கப்பட்டிருந்தன. தங்கராஜின் வேலை.

“வேண்டாங்க தங்கராஜ். எடுத்து உள்ள வெச்சுருங்க.”

“பத்தாம் நாளுங்க மேடம்.”

“தெரியும்.”

“பத்தாம் நாளு மாத்தலீன்னா போயிருமுங்களே.”

“ஆமாங்க. போயிரும்.”

தங்கராஜ் ஊசியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, “அந்தக் கடுதாசியை நான் உங்ககிட்டக் குடுக்காம இருந்திருந்தா...” என்று இழுத்தார்.

“குடுக்காம இருந்திருந்தா உங்க பழைய சூப்பர்வைசர் வந்து உசுரை எடுத்திருப்பாரு.”

அவர் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரித்தார். அவள் மேசையில் இருந்த எலிகளில் ஒன்றை எடுத்தாள். கழுத்துத் தோலை இரண்டு விரலில் பிடித்து வயிற்றைத் திருப்பினாள். அந்த இடம் இளஞ்சிவப்பாக, சூடாக, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கூண்டுக்குள் இறக்கிவிட்டாள். அது ஓடிப்போய்த் தீனித் தட்டில் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வரும்போது மணி நாலுதான். வெயில் ஜன்னலில் இருந்தது. சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரின் தாளைப் புரட்டினாள். ஜூன் ஒன்றாம் தேதியும் பதினொன்றும் இருபத்தொன்றும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தன. வருடத் தொடக்கத்திலேயே டிசம்பர்வரை போட்டுவிடுவாள். ஓய்வு மே மாதத்தில் என்பது ஜனவரியிலும் தெரியும். ஆனாலும் போட்டிருந்தாள். காலண்டரைக் கழற்றிச் சுவரில் திருப்பி மாட்டினாள். பிறகு பரண்மேல் இருந்த பெரிய பையை இறக்கினாள். துணியை எடுக்கப் போனவள் பீரோ முன்னால் நின்றுவிட்டாள். எப்போதும் நாலு சேலை வைப்பாள். நாலுக்கு மேல் எத்தனை வைப்பது என்று தெரியவில்லை.

போனை எடுத்தாள். நாலு தடவை மணி அடித்தது, ஐந்தாம் தடவையும் அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுக்கப்பட்டது.

“அக்கா?”

அந்தப் பக்கம் டிவியில் யாரோ அழுதார்கள். பிறகு டிவி அணைந்தது. மூச்சு மட்டும் கேட்டது. பூவாத்தாளுக்கு மூச்சு கொஞ்சம் இழுக்கும்; அந்த மூச்சுத்தான்.

“அக்கா, நாந்தான். மாத்தலீக்கா. இன்னிக்குப் பத்தாம் நாளு. மாத்தாம வந்துட்டேன்.”

மூச்சு வந்தது, போனது.

“கேக்குதாக்கா? அந்த மருந்து ஒண்ணும் பண்ணலக்கா. தீனி திங்காமத்தான் எச்சா இருந்துருக்குது. நாந்தான் பார்க்காம உட்டுப்போட்டேன். தீனியைப் பார்க்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல. பக்கத்துல உக்காந்து எடை எழுதிட்டே இருந்தேன், அது திங்குதா திங்கலையான்னு...”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“முப்பத்தொண்ணாந் தேதி எல்லாம் முடியுதுக்கா. ஒண்ணாந் தேதி காலைல ஈரோட்டு வண்டி ஏறி, அங்கிருந்து வாரேன். வாசல்ல வெச்சு நீ கேப்பியே, இந்தத் தடவ எத்தன நாளுன்னு. கேளுக்கா. இப்பவே கேளு.”